ஃபேக்ஸில் வந்தால்தான் காகிதம்

எங்கள் அலுவலகத்தில் ஃபேக்ஸ் என்பது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். சிரிக்காதீர்கள். அகராதியைப் புரட்டினால் தொலைநகல் என்று போட்டிருக்கும். ஒரு காகிதத்தின் நகல் டெலிபோன் கம்பி வழியாகப் போய் இன்னோர் ஊரில் விழுவது என்று விளக்கமும் இருக்கும். அகராதி எழுதியவர் திருப்பத்தூரில் வேலை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மெஷின் இருக்கிறது, இல்லாமல் என்ன. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது பேச்சுமூச்சில்லாமல்தான் கிடந்தது. ரெக்ஸின் உறை போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் உண்டு. நாள் முழுக்க உழைக்கிற பிரிண்டருக்கு வெறும் பொட்டுதான். அதைக் கழித்துக்கட்டலாம் என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். அந்த அனுமதி ஃபேக்ஸில் வர வேண்டும்.

சுற்றறிக்கை என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் எங்களைப் பிடித்த சனி. பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் சான்றுகளை ஃபேக்ஸில் மட்டுமே பெற வேண்டும், சம்பந்தப்பட்டவர் கையில் கொண்டுவந்தால் ஏற்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. வழியில் எதையாவது திருத்திவிடுவார்களாம். எந்தக் காலத்துச் சுற்றறிக்கையோ, இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். தலைமையாசிரியர் காகிதத்தைச் செல்போனில் படம் பிடித்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். நான் பிரிண்ட் எடுத்து, ‘ஃபேக்ஸ் மூலம் பெறப்பட்டது’ என்று ஸ்டாம்ப் குத்துவேன். குத்தின நிமிஷமே அது ஃபேக்ஸ். மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடங்களும் பழகிக்கொண்டன.

“இன்னா சார், ஃபேக்ஸ் பண்ணிட்டீங்களா?”

“இங்க டவர் கெடைக்கல மேடம். வளைவாண்ட போய்ட்டு பண்றேன்.”

இப்படித்தான் பேசிக்கொள்வோம். ஸ்டாம்ப் என் மேஜை டிராயரில் இருந்ததால் எனக்கு ஃபேக்ஸ் மேடம் என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பொய் சொல்வானேன்.

அன்றைக்கு நர்சிங் சேர்க்கைக்கான பட்டியல் போக வேண்டிய கடைசி நாள். அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. படித்ததற்குத் தலைமையாசிரியர் சான்று தர வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் சான்று பட்டியலோடு சேராவிட்டால் பேர் கிடையாது. பதினோரு மணி வாக்கில் புதூர்நாட்டுப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து ஒருவர் வந்து நின்றார். ஜீப்பில் நெருக்கியடித்து வந்த கசங்கல் சட்டையில் தெரிந்தது. கையிலிருந்த காகிதத்தில் மட்டும் ஒரு மடிப்பில்லை. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“எம் பொண்ணு சர்ட்டிபிகேட்டு மேடம். எங்க மலையில மூணு நாளா டவரே இல்ல. எட்மாஸ்டர் சார் நேரா குடுத்துடச் சொன்னாரு.”

வாங்கிப் பார்த்தேன். பச்சை மையில் கையெழுத்து, முத்திரை, பெண்ணின் பேர் நடுவில் கொட்டை எழுத்தில். இதைவிடச் சுத்தமான சான்றை நான் பார்த்ததில்லை. சூப்பிரண்டிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை.

“கையில வந்துதா, ஃபேக்ஸ்ல வந்துதா?”

“கையிலதான் சார்.”

“அப்போ அது வரலைன்னுதான் அர்த்தம். திருப்பிக் குடுத்துடு.”

வந்து சொன்னேன். அவர் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அதான் வந்துடுச்சே மேடம்? உங்க கையிலதானே இருக்குது? நீங்களே ஒரு போட்டோ புடிச்சுக்குங்களேன்.”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்டால் எனக்கு அப்போதெல்லாம் சுர்ரென்று கோபம் வரும். “ரூல்ஸ் தெரியாம பேசாதீங்க. எட்மாஸ்டர் போன்லருந்துதான் வரணும். போய்ட்டு அனுப்பச் சொல்லுங்க” என்று கத்தினேன். அவர் காகிதத்தை மறுபடி அட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு போனார். மத்தியானம் சாப்பிடும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே போக ஒன்றரை மணி நேரம், அதுவும் ஜீப் கிடைத்தால். பாவி, நாம் ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டோமே என்று இருந்தது.

நாலரை மணிக்கு அவர் திரும்பி வந்தார். கூடவே தலைமையாசிரியரும், தலையெல்லாம் செம்மண் புழுதி. ஜீப்பில் போனவர் நேராகப் பள்ளிக்கூடம் போய் விஷயத்தைச் சொல்ல, தலைமையாசிரியர் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு டவர் தேடி இறங்கியிருக்கிறார். இந்த வளைவில் கிடைக்கும், அடுத்த வளைவில் கிடைக்கும் என்று மலையே இறங்கியாயிற்று. அடிவாரத்தில் டவர் கிடைத்ததாம். ஆனால் அங்கேதான் அந்த மனுஷர் ஒரு தப்பு செய்தார்.

“இவ்ளோ தூரம் வந்தாச்சு, இன்னாத்துக்கு ஃபேக்ஸு, ஒரேடியா நேர்லயே வந்து குடுத்துடலாம்னு வந்துட்டேன் மேடம்” என்றார்.

சூப்பிரண்டு எழுந்து நின்று கும்பிட்டார், நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். பிறகு, “நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம் சார். ஆனா ஃபேக்ஸ் இன்னும் வரலியே?” என்றார்.

தலைமையாசிரியர் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சரி, இங்கருந்தே அனுப்பிடட்டுமா?”

“ஆபீசுக்குள்ளருந்து ஆபீசுக்கே எப்படி சார் ஃபேக்ஸ் வரும்? கொஞ்சம் வெளிய போய்ட்டு அனுப்புங்க.”

முப்பது வருஷம் பாடம் நடத்திய மனுஷர் எழுந்து வெளியே போனார். காம்பவுண்டு கேட்டைத் தாண்டி, பைக் சீட்டின் மேல் காகிதத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க அந்த அப்பாவை ஒரு ஓரத்தில் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்து அனுப்பினார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே என் போனில் பெற்றுக்கொண்டேன். சூப்பிரண்டும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “வந்துடுச்சாம்மா?” என்று அக்கறையாக வேறு கேட்டார்.

பிரிண்ட் கொடுத்தேன். பேப்பர் இல்லை என்று பிரிண்டர் சிவப்பு விளக்கைக் காட்டியது. பேப்பர் இருக்கும் பீரோவின் சாவி ஸ்டோர்காரரிடம், ஸ்டோர்காரர் லீவில். மணி ஐந்தாகப் பன்னிரண்டு நிமிஷம். மேஜை மேஜையாகக் குடைந்தேன். ஒரு வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை. அப்போதுதான், தலைமையாசிரியரோடு உள்ளே வந்திருந்த அந்த அப்பா அட்டைகளைப் பிரித்து அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“இதுக்குப் பின்னாடி ஒண்ணும் எழுதல மேடம். ஆவுமா?”

வாங்கி மெஷினில் செருகினேன். சான்றின் முதுகில் அந்தச் சான்றே கறுப்பு வெள்ளையில் வந்து விழுந்தது, ஓரத்தில் அவருடைய கட்டைவிரலோடு. ஸ்டாம்பைக் குத்திச் சூப்பிரண்டிடம் ஓடினேன். அவர் பேனாவைத் திறந்தார். திருப்பிப் பார்த்தார். மூடிவிட்டார்.

“பின்பக்கம் என்னமோ இருக்குதே?”

“அது... ஒன்சைடு பேப்பர் சார்.”

“தெரியுது. அடிக்காம கொண்டாந்தா எப்படி? நாளைக்கு எவனாவது அந்தப் பக்கத்தப் பாத்துட்டு அதான் சர்ட்டிபிகேட்டுன்னு நெனச்சுட்டா? அடிச்சுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்.”

ஒருபக்கத் தாளைத் திரும்ப உபயோகித்தால், பழைய பக்கத்தை மூலைக்கு மூலை கோடு போட்டு அடிக்க வேண்டும். எங்கள் வழக்கம் அது. நானே ஆயிரம் தாளுக்குப் போட்டிருக்கிறேன். அவர் மேஜையிலேயே வைத்து ஸ்கேலை எடுத்தேன். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அப்பா மட்டும் கிட்டே வந்து குனிந்தார்.

“பேரு மேல படாம போடுங்க மேடம்.”

ஸ்கேலைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

“நேரா போடும்மா, மணி ஆவுது” என்றார் சூப்பிரண்டு.

நேராகத்தான் போட்டேன். கோடு அவள் பேரின் நடுவே போயிற்று. கையெழுத்தானது, பட்டியல் போனது, பின்னால் பெண்ணுக்கு இடமும் கிடைத்துவிட்டது. அன்று போகும்போது அந்த அப்பா என் மேஜைக்கு வந்து, காலி அட்டைகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னை இரண்டு கையாலும் கும்பிட்டார். “உங்களாலதான் மேடம்” என்றார்.