அரக்குப் பட்டுக்கு மாதம் எண்ணூறு

அன்று லால்குடி வீட்டுக் கூடத்தில் இருந்தது ஆறு பேர். ஜவுளிக்கடையில் என்னோடு வேலை பார்த்த தோழி, அவளுடைய தங்கை, தங்கையின் கணவர், தங்கையின் மாமியார், எங்கள் சபைப் பாஸ்டருடைய மனைவி, நான். யாரையாவது விட்டுவிட்டேனா என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆறுதான்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். சில வருஷம் கழித்து மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தத் தோழியும் அதே வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் என்னிடமே வந்து, "அந்த சிரிச்ச மூஞ்சிப் பொண்ணு எங்கம்மா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துத்தான் பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் அவளைப் பட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் உள்பாவாடைப் பிரிவிலேயே கிடந்தேன். அவள் சேலையை விரித்துக் காட்டும்போது அந்த வளையல் சத்தம் என் பக்கம் வரை கேட்கும். வயிறு எரியும்.

எங்கள் கடையில் சாயங்காலம் அவரவர் அலமாரியை எண்ணிக் கணக்குச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தால் அவரவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒரு நாள் அவள் கை கழுவப் போன நேரத்தில் அரக்கு நிறப் பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாடி குடோனுக்குப் போனேன். ஓர் உள்பாவாடைக் கட்டுக்குள் செருகி வைத்தேன். திருட வேண்டும் என்று இல்லை. ஒரு நாள் அவள் திட்டு வாங்கட்டும், மறுநாள் எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மேனேஜர் குடோன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த வாரமே அந்தக் கட்டு மொத்த விற்பனையில் ஏதோ ஊருக்குப் போய்விட்டது. சேலையும் அதோடு போனது. யாரோ ஒரு வியாபாரிக்குச் சும்மா ஒரு பட்டு கிடைத்ததே என்று அவர்மேல் கூட எனக்குப் பொறாமைதான் வந்தது.

சேலை விலை ஒன்பதாயிரத்து அறுநூறு. மாதம் எண்ணூறு வீதம் பன்னிரண்டு மாதம் அவளிடம் பிடித்தார்கள். கடைசிப் பணம் பிடித்த மாதமே அவள் நின்றுவிட்டாள். அப்போது நான் அழுதேன். எல்லாரும் சிநேகிதிக்காக அழுகிறாள் என்றார்கள். அவளுடைய இடத்தில் என்னைப் போட்டார்கள்.

பிறகு கல்யாணமாகி உறையூர் வந்தேன். எதற்கெடுத்தாலும் பயம். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு அக்கா ஜெபத்துக்குக் கூட்டிப்போனார். இயேசுவைப் பற்றிக் கேட்கக் கேட்க நெஞ்சு லேசானது. ஞானஸ்நானமும் எடுத்தேன். ஆனால் மாதத்தில் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சைரசமும் வைத்த திருவிருந்துத் தட்டு வரும்போது மட்டும், மனசில் தப்பை வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாதே என்று தொடாமல் பக்கத்தில் தள்ளிவிடுவேன். பக்கத்தில் உட்காருகிற அம்மா அந்தச் சின்னக் கிண்ணத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார். எவ்வளவு சுலபமாகக் குடிக்கிறார் என்று அவரைப் பார்த்தும் எரிந்தேன்.

பாஸ்டரம்மா கவனித்துக் கேட்டார். சொல்லிவிட்டேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார், போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அவர் மன்னிச்சிட்டார், அதுல சந்தேகமே இல்ல. அந்தப் பொண்ணுக்கு யார் போய்ச் சொல்றது? ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் இல்லாமலா போச்சு?" என்றார். அவரே கூடவும் வந்தார்.

அவள் வீட்டைப் பார்த்ததும் முதலில் என் கண்ணில் பட்டது புது டைல்ஸ் தரை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். அவளோ, சேலை காணாமல் போன அன்று தன் தங்கை சாப்பாடு கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். தங்கைக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே அரக்குச் சேலையைத் தடவிப் பார்த்து, இது மாதிரி ஒன்று வேண்டும் என்றிருக்கிறாள். தங்கைதான் எடுத்துவிட்டாளோ என்று, அன்று வீட்டுக்குப் போய்த் தோழி அவளுடைய பெட்டியைத் திறந்து சோதனை போட்டிருக்கிறாள். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணமான பிறகு அனுப்பிய பொங்கல் சீர் பிரிக்காமலே திரும்பி வந்தது. பதினொரு வருஷம்.

"பணம் கெடக்கட்டும். அவகிட்ட நீயே வந்து சொல்லு," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

லால்குடியில் தங்கை வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாருக்கு அந்தப் பழைய சந்தேகம் எப்படியோ காதில் விழுந்திருந்தது. மருமகள் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பீரோ சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

"அப்ப எடுத்தவ நீதானா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, சாவியை எனக்கு எட்டாத பக்கம் மாற்றிச் செருகிக்கொண்டார். தங்கைக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அக்கா, நீ என்னைக் கேட்டிருக்கலாம்ல. கேக்காம பெட்டியைத் தெறந்தியே," என்று தமக்கையிடம் சொன்னாள்.

இரண்டு பேரும் அடுப்படிக்குள் போனார்கள். குசுகுசுவென்று பேச்சு, நடுவில் சிரிப்பு. நான் கூடத்தில் மாமியாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். உடைத்தவளே நான். அது ஒட்டும்போதும் என் வயிறு எரிந்தது. ஆண்டவரே, இதையும் எடுத்துவிடும் என்று உள்ளுக்குள் கேட்டேன்.

தங்கை எல்லாருக்கும் காபி கொண்டு வந்தாள். எனக்கும் கொடுத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு இப்ப என்னால சொல்ல வராதுக்கா. ஆறிடும், குடிங்க," என்றாள்.

அடுத்த முதல் ஞாயிறு தட்டு வந்தபோது கிண்ணத்தை எடுத்தேன். பாதி சேலையில் சிந்தியது. மீதியைக் குடித்தேன். அன்று மத்தியானம் கதவை ஒரு தரம்தான் இழுத்துப் பார்த்தேன்.

பணத்தை மொத்தமாகப் புரட்டித் தருகிறேன் என்றதற்குத் தோழி சம்மதிக்கவில்லை. தன்னிடம் எப்படிப் பிடித்தார்களோ அப்படியே மாதம் எண்ணூறு தந்தால் போதும் என்றாள்.

"ஜிபே எல்லாம் வேணாம். ஒண்ணாந்தேதி நீயே நேர்ல கொண்டாந்து குடு."

தண்டனை என்று நினைத்துத்தான் முதல் மாதம் போனேன். இலை போட்டுச் சோறு போட்டாள். சாப்பிடும்போது லால்குடியிலிருந்து போன் வரும். அவள் எழுந்து போய் அரை மணி நேரம் பேசுவாள். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எரிகிறதுதான். முன்பு மாதிரி இல்லை.

ஐந்து மாதம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் ஏழு மாதம். அதற்குப் பிறகும் வரச் சொல்வாளா என்று இப்போதே கவலையாக இருக்கிறது. பாக்கி ஐயாயிரத்து அறுநூறு ரூபாய்.