ப்ளஸ் வந்தால் யாருடைய கிணறு?

இரண்டு எல்லைக்கற்களுக்கு நடுவே மாநில எல்லை நேர்கோடாகப் போகும். ஒரு நிலம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தகராறு வந்தால், இரு மாநில சர்வேயர்களும் ஒன்றாக நின்று அளக்க வேண்டும். விதி இதுதான். நாங்கள் ஒன்றாக நிற்கவில்லை. அடுத்தவர் முகாமுக்குப் போனால் உரிமையை விட்டுக்கொடுத்தது போலாகும் என்று சித்தூர் தரப்பில் எங்கள் ஆபீசர் நினைத்தார். மெட்ராஸ் தரப்பு ஆபீசரும் அதையே நினைத்தார். இரு மாநிலங்களும் முழுமையாக ஒத்துப்போன முதல் விஷயம் அது.

சித்தூர் ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில் எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்த காலம். மங்கம்மா என்ற விவசாயி தன் கிணற்றுக்கு பம்ப்செட் கரண்ட் கேட்டிருந்தாள். எந்த மாநிலம் கம்பம் நட வந்தாலும் மற்றது தடுத்தது. அதுவரை ஒரு ஜோடிக் கிழ மாடுகளைப் பூட்டி, கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக் கரும்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாரே, எங்கெணறு எங்க கீதுன்னு கண்டுபிடிக்க எம்மா நாளு? கண்ண மூடிக்கினு நடந்தாகூட நான் போய்ச் சேந்துடுவேன்."

"கிணறு எங்க இருக்குன்னு எங்களுக்கும் தெரியும்மா. கோடு எங்க இருக்குன்னுதான் தெரியல."

"கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கா எம்மாடு சாவுது?"

நான் கிணற்றின் இடத்தை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வடக்குக் கல்லுக்கும் தெற்குக் கல்லுக்கும் நடுவே ஒரு குன்று. தியோடலைட் கருவியில் ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்க முடியாது. எனவே கணக்குதான். இரண்டும் பழைய கிராம எல்லைக்கற்கள் என்பதால், மாநிலம் பிரிவதற்கு முந்தைய மாகாணப் பதிவில் அவற்றின் கோஆர்டினேட் இருந்தது. அதிலிருந்து கோட்டின் ஈக்வேஷனை எழுதி, கிணற்றின் எண்களை அதில் போட்டேன். ஸீரோ வந்தால் கிணறு கோட்டின் மேல். ப்ளஸ் வந்தால் ஒரு பக்கம், மைனஸ் வந்தால் மறுபக்கம்.

ப்ளஸ் வந்தது.

"மனதே அய்யா! நம்மதுதான்!" என்று ஆபீசர் தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி மேஜையைத் தட்டினார். அறிக்கை போயிற்று.

மெட்ராஸ் தரப்பின் அறிக்கை நகல் எங்களுக்கு வந்தது. அவர்களுக்கும் ப்ளஸ். "எனவே கிணறு எங்களுடையது."

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஈக்வேஷன். விடையும் இரண்டாம் தசமம் வரை ஒன்றே. முகம் பார்க்காத இரண்டு பேர், குன்றின் இரு பக்கமும் உட்கார்ந்து, யாரும் பார்த்திராத ஒரு கோட்டை ஒரே இடத்தில் போட்டிருக்கிறோம். திருப்பதி காலேஜில் பரீட்சைக்குப் படித்து மறந்த பாடம் இது. அன்றுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கணக்கில் தப்பில்லை. ஒரே பழைய பதிவு, ஒரே மேனுவல், இருவரும் மேனுவல்படி வடக்குக் கல்லிலிருந்தே தொடங்கியிருந்தோம். ப்ளஸ் என்றால் நம் பக்கம் என்று எந்த மேனுவலும் சொல்லவில்லை. அதை இரண்டு ஆபீஸும் தேசபக்தியால் சேர்த்துக்கொண்டன.

நாராயணவனம் கோயில் கோபுரம் பழைய சர்வேயில் குறித்த புள்ளி. அது எங்கள் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதன் எண்களை அதே ஈக்வேஷனில் போட்டேன். மைனஸ்.

ஆபீசர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வேற கோயில் பாருய்யா" என்றார்.

கார்வேட்டிநகரம் போட்டேன். மைனஸ். புத்தூர் போட்டேன். மைனஸ். எண்கள் மாறிக்கொண்டே போயின. குறி மட்டும் அசையவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு கோடு எங்கள் ஊர்களையெல்லாம் ஒரு பக்கமாக நிறுத்தி வைத்திருந்தது.

"நீ யாரு பக்கம்யா சம்பளம் வாங்கற?"

"மைனஸ் பக்கம் சார். கிணறு ப்ளஸ்."

அவர் கெட்டிக்காரர், சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கிணறு மெட்ராஸுக்கு உரியது, அவர்கள் கம்பம் நட அனுமதிக்கலாம் என்று எழுதி உத்தரவு கேட்டோம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: குறியைப் பார்த்துக் குதிக்குமுன், சந்தேகமில்லாத ஒரு புள்ளியைப் போட்டுப் பாருங்கள்.

கணக்குக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. உத்தரவு பல மேஜைகளில் இளைப்பாறி வந்தது. மங்கம்மாவின் மாடுகள் அதுவரை இழுத்தன. வயலில் கரும்பு வாடாமல் நின்றது. "ஆட்சேபணை இல்லை" என்ற மேலிடத்துப் பதில் எங்கள் கைக்கு வந்தது, மாட்டுப்பொங்கலன்று.