ஆணியோடு ஓடிய எட்டு மைல்

என் நோயின் முதல் அறிகுறிக்கு எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கைதட்டினார்கள், தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கூத்தாடினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தேன். இதை வாசிக்கிற உங்களுக்கு உடம்பில் எங்காவது மரத்துப்போன இடம் இருந்தால், முதலில் என் முட்டாள்தனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் நாளைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எழுபதுகளின் நடுவில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த ஓட்டம் அது. ஆம்பூர் ரயில் நிலையத்தில் தொடங்கி மாதனூர் வரை எட்டு மைல். எங்கள் ஊர் விளையாட்டு மன்றம் ஆண்டுதோறும் நடத்துவது. ஓடுகிறவர்கள் பெரும்பாலும் தோல் பதனிடும் டேனரி ஆட்களும் ஷூ கம்பெனி ஆட்களும்தான். நான் டேனரியில் தோல் ஊறும் பெரிய மர டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன்.

எங்களில் யாரிடமும் ஓடுவதற்கென்று செய்த ஷூ கிடையாது. கான்வாஸ் ஷூவின் அடி தேய்ந்துபோனால், கழித்துப்போட்ட தோல் துண்டை வெட்டி வைத்து, சின்ன ஆணிகள் அடித்து மறுபடி ஓடுவோம். என் ஷூவுக்கு ஆணி அடித்துக் கொடுத்தவன் அன்வர். ஷூ கம்பெனியில் வேலை, எங்கள் கூட்டத்திலேயே வேகமான கால், எனக்குத் தோஸ்த்.

அன்று ஐம்பத்தாறு நிமிடத்தில் நான்காவதாக வந்தேன். முதல் ஐந்து பேருக்குப் பதக்கம். ஷூவைக் கழற்றியபோது காலுறை ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. ஆணி ஒன்று உள்ளே கிளம்பி உள்ளங்காலைக் குத்திக் கிழித்திருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மைதான். டேனரிக்காரன் கால், நன்றாகப் பதமாகிவிட்டது என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஞாயிறுதோறும் ஓட்டக்காரர்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் கூடுவோம். வாணியம்பாடியில் ஓடியவன், திருப்பத்தூரில் ஓடியவன், எல்லாரும் அவரவர் நேரத்தைச் சொல்வார்கள், பதக்கத்தைக் கைமாற்றிப் பார்ப்பார்கள், கொஞ்சம் அளப்பார்கள். நான் அந்த ஆணிக் கதையை இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல ஆணி நீளமாகிக்கொண்டே போனது. எனக்கு ‘ஆணி ஏழுமலை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

புண் ஆறவில்லை. நான் கவலைப்படவும் இல்லை. டேனரியில் தோலை ஊறவைக்கும் க்ரோம் ரசாயனத் தண்ணீர் படுகிறவர்களுக்குக் கையிலும் காலிலும் குழிப்புண் வருவது சகஜம், அதுவும் அவ்வளவாக வலிக்காது. கெண்டைக்காலில் ரூபாய் அளவுக்கு வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. அதில் முடி இல்லை, வேர்வை இல்லை. சுண்ணாம்புக் குழியில் தெறித்தது என்று நானே முடிவு கட்டினேன். இப்படி எல்லாவற்றுக்கும் டேனரியில் ஒரு காரணம் தயாராக இருந்ததால் ஏழெட்டு மாதங்களைத் தொலைத்தேன்.

கண்டுபிடித்தவள் என் மனைவி சரோஜா. ஒருநாள் கடைத்தெருவிலிருந்து இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். திடீரென்று அவளைக் காணோம். திரும்பிப் பார்த்தால், நூறடி பின்னால் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். என் இடதுகால் செருப்பு.

“செருப்பு உழுந்தது கூடவா தெர்ல உங்களுக்கு?” என்றாள்.

தெரியவில்லை. வெறுங்காலோடு நூறடி நடந்திருக்கிறேன். அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அடுத்த வாரத்துக்குள் அந்தப் பாதம் தொங்க ஆரம்பித்தது. அடி எடுத்து வைத்தால் தரையில் டப் டப் என்று அறைந்தது.

வேலூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில், நீளமான நடைகூடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டிலில் படுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பஞ்சால் பாதத்தைத் தொடுவார், தொட்ட இடத்தை நான் விரலால் காட்ட வேண்டும்.

இதையும் ஒரு போட்டியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவருடைய சேலை சரசரக்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினேன். அப்புறம் இன்னோர் இடம். ஆறு தடவை காட்டினேன். தேறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

“கண்ணத் தொறங்க ஏழுமலை,” என்றார். “நான் இன்னும் தொடவே இல்ல. பஞ்சு அதோ மேஜை மேலயே இருக்குது.”

வெட்கத்தில் முகம் எரிந்தது. பக்கத்தில் நின்றிருந்த சரோஜா அழவில்லை, என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா முழங்காலுக்கு வெளிப்பக்கம் தடவி, என் விரலையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். தோலுக்கடியில் ஒரு நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. பயாப்ஸி (தோலில் துளி வெட்டியெடுத்துச் சோதிப்பது) செய்து, சில நாள் கழித்து முடிவு வந்ததும் நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய்.

எனக்கு வந்தது டியூபர்குலாய்டு வகை (கிருமி மிகக் குறைவாக இருக்கும், பிறருக்குத் தொற்றாது, ஆனால் நரம்பைக் கெடுக்கும்). டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விடாமல் விழுங்க வேண்டும். கிருமி சாகும், ஆனால் போன உணர்ச்சி திரும்பி வராது. ஃபுட் டிராப் (பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கிவிடுவது) அறுவையால் ஓரளவு சரியாகும். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லி முடித்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

“எப்ப ஓடலாம்?” என்றேன்.

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஓடவே கூடாது என்றார். “கல்லு குத்துனா நமக்கு வலிக்கும், நின்னுடுவோம். உங்க காலுக்கு இப்ப வாய் இல்ல. அது செத்துக்கிட்டே ஓடும், நீங்க சிரிச்சிக்கிட்டே ஓடுவீங்க.” ஒரு புண் எலும்புக்குப் போய்விட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டில் ஒன்றைப் பார்த்துவிடுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன். கால் எனக்கு வேண்டும், ஓட்டமும் வேண்டும்.

ஊர் நடந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேனரியில் என்னை டிரம்மிலிருந்து எடுத்துக் கிடங்குக் காவலுக்குப் போட்டார்கள். டீக்கடையில் எனக்கென்று ஒரு தனி கிளாஸ் வந்தது. மன்றத்தின் ஓட்டக்காரர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். நான் விடவில்லை. ஞாயிறுதோறும் போய் நட்டநடு பெஞ்சில் உட்கார்ந்து, அந்தத் தனி கிளாஸில் இரண்டு டீ குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். சரோஜாவை அழைத்துப்போக அவள் அண்ணன் வந்தார். அவள் அவருக்குச் சோறு போட்டாள். பிறகு நான் சாப்பிட்டு வைத்த தட்டிலேயே தனக்கும் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் மாலை பஸ்ஸில் தனியாகப் போனார்.

அன்வர் மட்டும் கண்ணிலேயே படவில்லை. இரண்டு மாதம். இவனும் இவ்வளவுதானா என்று மனசு வெந்தது. கடைசியில் நானே அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தான். பிறகுதான் விஷயம் வந்தது. தான் அடித்த துருப்பிடித்த ஆணியால்தான் எனக்கு இந்த வியாதி வந்தது என்று நினைத்துக் குமைந்துகொண்டிருந்திருக்கிறான்.

“நம்ம கையாலயே பேஜார் பண்ட்டேன்டா ஒன்ன,” என்றான்.

அட மடையா, வியாதி முன்னாலேயே இருந்ததால்தான் ஆணி குத்தியது எனக்குத் தெரியவில்லை என்று விளக்கினேன். நம்புவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பியதும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், மறைப்பானேன்.

நரம்பின் வீக்கம் அடங்கி ஓராண்டு ஆனபின் அறுவை செய்தார்கள். பாதத்தை உட்பக்கம் திருப்புகிற தசைநாணைக் கழற்றி, பாதத்தின் மேற்பக்கம் கொண்டுவந்து இணைத்தார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் பாதத்தைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கத் தூக்க ஒன்றும் அசையவில்லை. பயிற்சி கொடுத்தவர், தூக்க நினைக்காதே, உள்ளே திருப்ப நினை என்றார். திருப்ப நினைத்தேன். பாதம் மெல்ல மேலே எழுந்தது. பல வாரங்கள் இப்படி ஒன்றை நினைத்து இன்னொன்றைச் செய்து பழகினேன். இப்போது எந்தக் கால் எதை நினைக்கிறது என்று நான் கேட்பதில்லை, நடக்கிறது.

பிறகு டாக்டரம்மாவுடன் என் வழக்கு தொடங்கியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் போய் அதே கேள்வியைக் கேட்டேன். மூன்று ஆண்டுகள் என் உள்ளங்காலில் ஒரு புண்கூட வராததைப் பார்த்த பிறகு, அரை மனதோடு ஒப்புக்கொண்டார். சின்ன அடி. துள்ளல் கூடாது. ஃபர்லாங் ஃபர்லாங்காகத்தான் கூட்ட வேண்டும். இரண்டு மைலுக்கு ஒருமுறை உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, கண்ணால் பார்த்து, புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சிவந்திருந்தாலோ சுட்டாலோ ஆறும்வரை எழுந்திருக்கவே கூடாது. எனக்குக் கிடைத்த அனுமதி இது, நீங்களாக இதைச் செய்யாதீர்கள். அன்வர் எம்.சி.ஆர். (நுண்ணிய காற்றறைகள் உள்ள மென்மையான ரப்பர்) வாங்கி, ஒட்டியும் தைத்தும் எனக்கு ஷூ செய்து கொடுத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி பெயர் கொடுத்தேன். இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிற எல்லாருக்கும் பதக்கம் என்று வைத்திருந்தார்கள். மன்றச் செயலாளர் என் மருத்துவச் சான்றை ஓரத்தில் பிடித்து வாசித்தார். தொற்று இல்லை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் எண் கொடுத்தார். அன்வர் கூடவே வருகிறேன் என்றான். நீ உன் ஓட்டத்தை ஓடு என்று துரத்திவிட்டேன்.

அந்தப் பதக்கம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போக வேண்டும், அந்தத் தனி கிளாஸை அவர்களே எடுத்து ஒளிக்க வேண்டும் என்று பல நாள் கனவு கண்டிருந்தேன்.

இரண்டாவது மைலில் உட்கார்ந்தேன், நான்காவதில் உட்கார்ந்தேன். பாதம் நன்றாக இருந்தது. ஆறாவது மைலில் கைக்கடிகாரம் ஒரு மணி இருபத்தொன்பது நிமிடம் காட்டியது. மீதி இரண்டு மைலுக்கு முப்பத்தொரு நிமிடம் இருந்தது, தாராளம். புளியமரத்தடியில் ஷூவைக் கழற்றினேன். சுண்டுவிரலுக்குக் கீழே நாலணா அளவுக்குச் சிவப்பு. புறங்கையை வைத்தேன், சுட்டது.

மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பத்தடி ஓடினேன். கால் ஒன்றும் சொல்லவில்லை. சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்தைத்தான் நான் ஒரு காலத்தில் வீரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன், ஈரத்துணியைச் சுற்றிக் காலை நீட்டினேன். பஸ்ஸில் போனவர்கள் ஏதோ கத்தினார்கள். சைக்கிளில் வந்த மன்றத்து ஆள் பின்னால் வரும் லாரியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

பதினைந்து நிமிடம். முன்பெல்லாம் ஒரு நிமிடம் வீணானால் துடித்துப்போவேன். அன்று ஒவ்வொரு நிமிடமாக என் காலுக்குக் கொடுத்தேன். அதற்கு வலிக்க வேண்டிய நேரம் அது, அதன் சார்பில் நான் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு வெளுத்ததும் எழுந்து, கடைசி இரண்டு மைலையும் நடந்தே போனேன்.

மாதனூரில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்வர் ஓடி வந்து தன் பதக்கத்தை என் கழுத்தில் போடப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன். உன்னுடையது எனக்கெதற்கு என்றேன். நேராகச் செயலாளரின் மேஜைக்குப் போனேன். அவர் பதிவேட்டை மூடிவிட்டிருந்தார்.

“டைம் முடிஞ்சிட்டுது. பதக்கம் கெடையாது,” என்றார்.

“பதக்கம் வேணாம். எழுதுங்க. ரெண்டு மணி பதினாலு நிமிஷம்.”

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் பதிவேட்டைத் திறந்து, எல்லாருக்கும் கீழே என் பெயரை எழுதினார். நான் அவருக்கு எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, உள்ளங்காலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். மரியாதையில்லைதான், தெரிந்தேதான் செய்தேன்.

“நல்லா பாருங்க சார். காயம் இல்லன்னும் எழுதுங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, “இன்னொரு காலு?” என்றார். அதையும் கழற்றிக் காட்டினேன். எழுதினார்.

உங்களுக்குக் கால் இருப்பது தானாகத் தெரியும். எனக்குத் தினமும் சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். எட்டு மைல், இரண்டு மணி பதினான்கு நிமிடம், கடைசி இடம், காயம் இல்லை. இது என் ஓட்டத்தின் முடிவு. உங்களுடையதைச் சொல்லுங்கள்.