வெள்ளைப் பட்டையில் குங்குமம்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டு அலமாரி ஒன்று முழுக்கப் பழைய ஜெர்மன் கொடிகள். அதில் என் பெருமை, ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்துக் கப்பல் கொடி: கறுப்பு, வெள்ளை, சிவப்பு. ஓரத்தில் எவனோ ஒரு மாலுமி கை துடைத்த எண்ணெய்க் கறை. வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவேன். “இதுதான் சரித்திரம்” என்பேன்.

போன வருடம் சரஸ்வதி பூசையன்று வேலை முடிந்து வந்தால், மகளின் புத்தகங்களோடு அந்தக் கொடியும் சாமி முன்னால் விரிந்து கிடக்கிறது. வெள்ளைப் பட்டையில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“நீங்க உசுரா நினைக்கிறது ஆச்சே, அதான் வச்சேன்” என்றாள் மனைவி.

“அறிவிருக்கா? நாசம் பண்ணிட்டியே” என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “எவனோ வெள்ளைக்காரன் கை துடைச்சா சரித்திரம். நான் பொட்டு வச்சா அழுக்கு. அப்படித்தானே?”

கொடியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். கறை போகவில்லை.

இந்த வருடப் பூசைக்குக் கார், தையல் மிஷின், ரைஸ் குக்கர் வரைக்கும் பொட்டு வைத்தாள். என் அலமாரி வந்ததும், விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.