அண்ணன் டிக்கெட்டில் தங்கை பறக்க முடியாது: மும்பையிலிருந்து வலங்கைமான் வரை

போன தை மாதம் மும்பையிலிருந்து வலங்கைமான் போய் வந்தேன். ஊர் சுற்ற அல்ல. பண்ணைக் கூலியாக இருந்த அப்பாவுக்கு நில உச்சவரம்புச் சட்டப்படி அரசு கொடுத்த ஒரு ஏக்கர் மீது, பழைய பண்ணையாரின் பேரன் தன் நிலம் என்று மனுப் போட்டிருக்கிறார். அப்பா இப்போது இல்லை. வாரிசுகளில் ஒருவராவது விசாரணைக்கு நேரில் வராவிட்டால் ஒருதலையாக முடித்துவிடுவோம் என்று தாலுகா அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். போகாவிட்டால் நிலம் போய்விடும்.

வாரிசுகள் இரண்டே பேர், ஆரோக்கியம் அண்ணனும் நானும். இருவரும் மும்பையில்தான். அண்ணன் ஒன்றரை மாதம் முன்பே 4,150 ரூபாய்க்குத் தன் பெயரில் டிக்கெட் எடுத்திருந்தான். கிளம்புவதற்கு முதல் நாள் அவனுக்கு அம்மை போட்டுவிட்டது.

"அதுக்கென்ன மேரி, நீ போ. பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதானே? நான் போட்டேன், நீ உக்காரு" என்றான் போனில்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. விமானக் கம்பெனியைக் கேட்டேன். "எழுத்துப் பிழைன்னா திருத்தலாம் மேடம். ஆளை மாத்த முடியாது." ரத்து செய்தால் வரி மட்டும் திரும்பும், 710 ரூபாய். புது டிக்கெட் 11,800. டீ போட்டுவிட்டு வந்து போனில் அந்த ஆப்பைப் பார்த்தால் 12,640! என் அவசரம் அதற்கு எப்படித் தெரிந்தது? பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் அதே விலைதான். என்னை மட்டும் வேவு பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சந்தேகம் என்னவோ போகவில்லை.

அண்ணன் டிக்கெட்டை ரத்து செய்து, அதே விமானத்தில் எனக்கு எடுத்தேன். அவனுடையது 14C, எனக்குக் கிடைத்தது 22E. 14C காலியாக இருந்தால் ஒரு சண்டை போடலாம் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டே விட்டேன்.

"பதிமூவாயிரம் ஆச்சும்மா. அதிராம்பட்டினம் போறேன். உம்மா மவுத்தாயிட்டாங்க, சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள அடக்கம். விலை பாக்குற நேரமா?"

கேட்ட வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெயர் மாற்ற விட்டால் யாராவது மலிவில் வாங்கிக் குவித்து, இப்படி அவசரத்தில் வருபவரிடம் கொள்ளை விலைக்கு விற்பார்கள், அதைத் தடுக்கத்தான் விதி என்கிறார்கள். உண்மைதான். தடுத்துவிட்டு அந்த வியாபாரத்தைத் தாங்களே செய்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து தஞ்சாவூர், பாபநாசம் வழியாக வலங்கைமான் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். டாக்ஸி 2,800. ஓட்டுநர் திருக்காட்டுப்பள்ளிக்காரர். அவசரம் தெரிந்தால் இவரும் வாடகையை ஏற்றிவிடுவார் என்று வாயே திறக்கவில்லை. அய்யம்பேட்டையில் நெல் லாரிகள் வழியை அடைத்து நின்றபோது, பதினொன்றரைக்கு விசாரணை என்று உளறிவிட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லங்க, பைபாஸ்ல விட்டிருப்பேன்."

"கூட எவ்வளவு வேணும்?"

"பேசுனது பேசுனதுதாங்க. அவசரத்துக்கெல்லாமா காசு?"

சந்துகளில் புகுந்து சரியான நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வாரிசுச் சான்றிதழை நீட்டி, அண்ணனுக்குப் பதிலாக வந்திருக்கிறேன் என்றேன். "வாரிசுதானே? யார் வந்தா என்ன, உக்காருங்க" என்றார் தாசில்தார். இதற்கு என்ன கட்டணமோ என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எதிர்த் தரப்பில் வக்கீல் மட்டும் வந்தார், அவகாசம் கேட்டார். சித்திரைக்கு வாய்தா.

இப்படிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். யார் போவது என்று முடிவாகும்வரை விமானத்தில் மலிவு டிக்கெட் எடுக்காதீர்கள். ரயில் என்றால், ஒரு நாள் முன்பே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து உறுதியான டிக்கெட்டைக் குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போகவர மூன்று நாள் லீவு வேண்டும், எங்கள் இருவருக்குமே அது கிடைக்காது.

"சித்திரைக்கு இப்பவே மலிவா கிடக்கு. யார் பேர்ல போட?" என்று அண்ணன் கேட்டான். அன்றைக்கு யார் படுத்திருப்போம் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பேருக்கும் எடுத்தோம். எதிர்த் தரப்புக்காரர் உள்ளூர், அவருக்கு ஒரு வாய்தா என்பது ஒரு டீச் செலவு. இப்போதுதான் உறைக்கிறது: அவகாசம் கேட்பதற்கு முன் அந்த வக்கீல் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பையில் தொங்கிய விமானக் கம்பெனி அட்டையைத்தான் பார்த்தார்.