‘இருங்க’ என்றார் சர்ஜன்

ஆபரேஷன் மேசையில் படுத்திருந்த காதர் பாயின் முகம் கன்றிச் சிவந்துகொண்டே போனது. "இருங்க! இருங்க!" என்று சர்ஜன் டாக்டர் லிம் குரலை உயர்த்த உயர்த்த, பாய் அசையவேயில்லை. கத்தியும் நூலும் எடுத்துக் கொடுக்கும் தியேட்டர் நர்ஸ் நான். கையுறைக்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பாய் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு ரொட்டிக்கடையில் மாவு மூட்டை தூக்குபவர். அடிவயிற்றோரம் குடலிறக்கம். இரண்டு தடவை தைத்தும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. "மூணாவது வாட்டியும் புட்டுக்கிச்சுன்னா முதலாளி வேற ஆளப் பாத்துக்குவாரு. கவனமா தைக்கச் சொல்லும்மா" என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

அறுபதுகள் அது. மெஷ் அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக் நூலில் பின்னிய, கொசுவலை மாதிரித் துணி. பழைய முறையில் நைந்த தசையை இழுத்துப் பிடித்துத் தைப்போம். இழுத்த இடம் மறுபடி பிரியும். மெஷ்ஷுக்கு அந்த இழுப்பு வேண்டாம். பிதுங்கிய பையை உள்ளே தள்ளி, விதைக்குப் போகும் குழாய்க்கு வழிவிட்டு, பலவீனமான சுவர்மேல் அதைப் பரப்பிச் சுற்றிலும் தைக்க வேண்டும். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடும் வேலைதான். பாய்க்கு ஆஸ்துமா இருந்ததால் முழு மயக்கம் கொடுக்கவில்லை, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தோம். விழித்திருக்கும் ஆள் இருமினால் ஒட்டு நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அதற்காக "இருமுங்க" என்ற சொல்லை டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சீனரான அவர் வாயில் அந்த 'மு' கரைந்துபோகும். "கரெக்டா லா, சிஸ்டர்?" என்பார். "ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்" என்பேன். சர்ஜனைத் திருத்த எனக்கென்ன இரண்டு தலையா இருக்கிறது?

பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'இருக்கிறார்' என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாய்! இருக்க வேணாம், இருமுங்க! லொக்கு லொக்குன்னு இருமுங்க!"

புஸ்ஸென்று மூச்சு வெளியே வந்தது. "அத முன்னாடியே சொல்லப்படாதா? பெரிய டாக்டர் இருங்கன்னாரு. இருக்காம நான் எங்கம்மா எழுந்து போறது?"

தியேட்டரே சிரித்தது. பாயும் சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. காயத்துக்குள் விரல் வைத்திருந்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. முன்பக்க இடுப்பெலும்பை ஒட்டிய மூலையில் மெஷ் தூக்கிக்கொள்ள, அடியில் ஒரு குமிழ் எட்டிப் பார்த்தது. இருமாமலே மூடியிருந்தால் மூன்றாவது தடவையும் போயிருக்கும்! டாக்டர் அந்த மூலையில் இன்னும் இரண்டு தையல் போட்டார். மறுபடி இருமச் சொன்னோம். மெஷ் அசையவில்லை.

தோலைத் தைக்கும்போது டாக்டர் கனிவாகக் குனிந்து பாயிடம் கேட்டார்: "வழுக்குதா?"

பாய் விழித்தார். "இல்லீங்க டாக்டர். துணி காஞ்சுதான் இருக்கு."

"நோ பெயின். குட்." டாக்டர் அடுத்த தையலுக்குப் போனார்.

அந்தக் கேள்வியும் நான் நடத்திய பாடம்தான். இதுவரை எத்தனை பேர் இப்படி 'இல்லை' என்றிருப்பார்கள்! வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. "நிறுத்துங்க டாக்டர்" என்று ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். "நீங்க கேட்டது சறுக்குதான்னு. வலிக்குதான்னு இல்ல. உங்க தமிழ் நல்லா இருக்குன்னு நான் சொன்னது பொய்."

ஊசி அந்தரத்தில் நின்றது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எழுத்தாகப் பாயிடம் கேட்டார்: "வ... லி... க்கு... தா?"

"யா அல்லா! இத ஒருத்தராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் பல்லக் கடிச்சிக்கிட்டு கெடக்கேன்!"

மரத்துப்போக ஊசி இன்னொன்று போட்ட பிறகுதான் மீதித் தையல். சில மாதங்களில் பாய் மறுபடி மூட்டை தூக்கப் போய்விட்டார்.

இளம் நர்ஸ்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். திருத்தினால் டாக்டருக்கு வரும் கோபம் ஒரு நாளில் ஆறிவிடும். நாம் மெச்சிக்கொண்டு சும்மா இருந்தால், வலிப்பது மேசையில் கிடப்பவருக்கு.