ஐனார் வாங்கும் விளக்குகள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஐனார் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். மனிதர்களின் முகம் அப்புறம். என் மகளின் கல்யாணத்தன்றும் தேவாலயத்துச் சரவிளக்கை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் மணப்பெண்ணைப் பார்த்தார்.

யூட்லாந்தில், பன்றிச் சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் எங்கள் கூட்டுறவு நிலையத்தில் அவர் மின்பணியாளர். நான் அங்கே தரை துடைக்கிறவள்.

விளக்கு வாங்குவதில் அவரை அசைக்க முடியாது. எரிவாயு உள்ள இடத்துக்குப் பாதுகாப்பானது என்று காட்ட அதன் உடம்பில் பொறித்திருக்கும் அறுகோணக் குறியை நகத்தால் தடவிப் பார்க்காமல் எதையும் மாட்டமாட்டார். ஒருமுறை, பங்குதாரரான பண்ணைக்கார ஹெல்கே மலிவான விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாது ஐனார். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"தண்ணி போகாது, வாயு போகுமே. உள்ள ஒரு பொறி வந்தா, அந்த நெருப்ப வெளிய விடாமப் பிடிச்சு வைக்குமா? கொண்டுபோய் உன் பன்னிங்களுக்கு மாட்டு. குளிக்க வசதியா இருக்கும்."

போன டிசம்பரில் ஒரு வாரம் அவருக்குப் பம்ப் அறையில் வேலை. வெளியே இன்னும் விடியவில்லை. வாளியோடு உள்ளே போனேன். அவர் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தார். மேசையில், கறுப்பு ரொட்டிக்கும் காப்பிக்கும் பக்கத்தில், தேதிகள் அச்சிட்ட கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நாளுக்கு ஒரு தேதி உருகும்வரை எங்கள் வீடுகளிலெல்லாம் எரிவதுதான். இங்கே, அவர் பார்த்துப் பார்த்து மாட்டிய விளக்குக்கு நேர் கீழே எரிந்தது.

வாளியைக் கீழே வைத்தேன். ஈரத்துணியை எடுத்து அதன்மேல் போட்டேன்.

"ஏய் யூட்டே! இன்னைக்குத் தேதி பாதிகூட உருகலையே!"

நான் மேலே கைகாட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கதவருகே தொங்கிய, வாயு கசிந்தால் ஒலிக்கும் வாயுமானியை எடுத்துப் பம்ப்பின் அருகே நீட்டினார்.

அது அலறியது.

ஓடினோம். முற்றத்துப் பனியில் வந்து நின்றோம். அவர் கையில் வாயுமானி இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"வீட்ல கொளுத்துற மாதிரியே கொளுத்திட்டேன்," என்றார். "அது நெருப்புன்னே தோணல யூட்டே. டிசம்பர்னுதான் தோணுச்சு."

மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார். பம்ப்பின் கசிவை அன்றே அடைத்தார்கள்.

இப்போதும் விளக்கு வாங்குவது ஐனார்தான். காலையில் பம்ப் அறை வாசலில் நின்று, கால்சட்டையின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து, தீப்பெட்டி இல்லை என்று என்னிடம் காட்டுகிறார். நான் தலையசைத்த பிறகுதான் உள்ளே போகிறார்.